கண் பழுதில்லாத பார்வைக் குறை

கண்ணில் யாதொரு குறையும் இல்லை என்று முகாமில் எழுதிக் கொடுத்த சீட்டு ஒரு புறம் இருக்க, எதிரே வைத்த சோற்றுத் தட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தடவிக்கொண்டும், நாலு படி இறங்குவதற்குள் இரண்டு முறை தடுக்கி விழுந்துகொண்டும், கூட்டத்துக்கு நடுவில் பெற்ற தாயின் முகத்தையே அடையாளம் காணாமல் அவள் குரல் கேட்ட பிறகே திரும்பிக்கொண்டும் வாழ்கிற பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்றும், பிடிவாதக்காரன் என்றும், கவனமில்லாதவன் என்றும், இன்னும் கடுமையான சொற்களாலும் அழைப்பது நம் வழக்கமாக இருந்து வருகிறது. உண்மையில் அவர்களுடைய விழி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது; விழி கொண்டுவந்து தரும் காட்சியைப் பகுத்து, இது தட்டு, இது தரை, இது அம்மா என்று பிரித்து உணர்த்த வேண்டிய மூளையின் பகுதிகளில்தான் பழுது. தபால் வந்து சேர்ந்துவிட்டது, அதைப் பிரித்து உரிய வீடுகளுக்குச் சேர்ப்பிக்கத்தான் ஆள் இல்லை. மருத்துவர்கள் இதனைச் செரிபிரல் விஷுவல் இம்பேர்மென்ட் என்பார்கள். மூளைசார் பார்வைக் குறைபாடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இக்குறை நேர்வதற்குக் காரணங்கள் பல. பிள்ளை பிறந்தவுடன் அழாமல் போய், பிராணவாயு கிட்டாமல் மூளை தவித்திருக்கலாம். குறைமாதத்தில் பிறந்ததால் மூளையின் உட்பகுதியிலுள்ள வெண்ணிற நரம்பிழைகள் சிதைந்திருக்கலாம். முதல் சில நாட்களில் பால் போதாமல் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கி, பார்வைக்கென்றே அமைந்த பின்மூளை சேதமடைந்திருக்கலாம். மூளைக்காய்ச்சல், வலிப்பு, தலையில் நீர் கோத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்து போயிருக்கலாம். சர்க்கரை இறங்குவதால் நேரும் சேதம் நம் நாட்டில் அடிக்கடி காணப்படுவது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்குவதாலும், பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் சிசுவின் இரத்தத்தை உடனே பரிசோதிப்பதாலும் அதைப் பெருமளவு தடுத்துவிடலாம். வளர்ந்த நாடுகளில் குழந்தைகளின் பார்வைக் குறைபாட்டுக்கு இன்று முதற்காரணமாக நிற்பது இந்த மூளைசார் குறைபாடே. வைட்டமின் ஏ குறைவையும் கருவிழி நோய்களையும் மெல்ல மெல்ல வென்று, பச்சிளம் சிசுக்களின் உயிரைக் காக்கும் மருத்துவத்திலும் தேர்ச்சி பெற்றுவரும் நம் நாடு அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. பிழைக்க வைத்த பிள்ளை பிழைத்த பிறகு எப்படி வாழ்கிறது என்று விசாரிப்பதும் அந்த மருத்துவத்தின் கடமையே ஆகும்.

பார்வை என்பது கண்ணோடு முடிந்துவிடுவதில்லை என்ற உண்மையை யுத்தங்கள் தெளிவாகக் காட்டின. 1904-05 ருஷ்ய ஜப்பானிய யுத்தத்தில் தலையில் குண்டு பாய்ந்தும் உயிர் தப்பிய சிப்பாய்களைப் பரிசோதித்த தத்ஸுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர், பின்மூளையில் எந்த இடத்தில் காயம் பட்டால் காட்சியின் எந்தப் பாகம் மறைகிறது என்பதை ஆராய்ந்து 1909-இல் வெளியிட்டார். முதல் உலக யுத்தத்தின்போது ஜார்ஜ் ரிடாக் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதைவிட ஆச்சரியமான ஒன்றைக் கண்டார்: பார்வை போன பாகத்தில் அசையாமல் இருக்கும் பொருளைச் சற்றும் காணாத சிப்பாய்கள் சிலர், அதே பாகத்தில் ஏதேனும் அசைந்தால் அந்த அசைவை மட்டும் கண்டுகொண்டார்கள். 1917-இல் அவர் எழுதி வெளியிட்ட இந்த விஷயம் இன்றும் மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே வழங்கி வருகிறது.

பழவேற்காட்டில் ஏரியோரக் குப்பம் ஒன்றில், நடக்கத் தாமதமான பேரனை மடியில் வைத்திருந்த மூதாட்டி ஒருவர், எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு தண்ணீர் மொண்டு, அதைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, இப்படியும் அப்படியுமாக மெல்ல ஆட்டியதைப் பார்த்தேன். பிள்ளையின் முகம் திரும்பிற்று, கை நீண்டது, ஆனால் விரல்கள் டம்ளரைத் தொடும் தருணத்தில் பார்வை வேறு பக்கம் போய்விட்டது. “சும்மா வெச்சா இவனுக்குத் தெரியாது சார், ஆட்டிக் காட்டினாத்தான் கை நீட்டுவான்” என்றார் அவர். பார்ப்பதும் கை நீட்டுவதும் ஏககாலத்தில் இயலாமல், எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது இக்குறையுள்ள பிள்ளைகளிடம் காணப்படும் லட்சணங்களுள் ஒன்று என்பதை அறிந்தவர்கள், அந்த ஒரு டம்ளர் தண்ணீரிலேயே பாதிப் பரிசோதனையை முடித்துவிடுவார்கள். ரிடாக் யுத்த காலத்து ஆஸ்பத்திரியில் கண்டதை இந்த அம்மாள் தம் வீட்டு வாசலில் தாமாகவே கண்டிருக்கிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் பல இடங்களுக்குப் போயிருக்கிறார். ஆனாலும், எது அவனுக்குத் தெரிகிறது, எது தெரிவதில்லை, எந்த நேரத்தில் நன்றாகப் பார்க்கிறான் என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தின் கடைக்கோடியில் இருக்கிறது. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் பரவியிருக்க, தென்முனை மட்டும் நம்மிடம் இருக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என்று கரையெங்கும் சிறு சிறு குப்பங்கள். பாடு என்று வழங்கும் முறைப்படி ஏரியில் வலை விரிக்கும் இடங்களைத் தங்களுக்குள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் சமுதாயம் இது. ஒருவர் வயிறு நிறைந்து மற்றவர் பட்டினி கிடக்கலாகாது என்ற நியாயத்தைச் சர்க்கார் சட்டம் எதுவும் வந்து சொல்வதற்கு முன்பே அறிந்தவர்கள்.

இப்படிப்பட்ட ஊரில், மூளைசார் பார்வைக் குறை உள்ள பிள்ளை காலையில் எதையெல்லாம் எதிர்கொள்கிறது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். படகுகள் கரை சேர்ந்து ஏலம் தொடங்கும் நேரத்தில், ஈர மணலில் விரித்த சாக்கின்மீது இறாலும் நண்டும் மடவையும் கெளுத்தியும் சாம்பல் நிறத்தின்மேல் சாம்பல் நிறமாகக் குவிந்து கிடக்க, சுற்றிலும் கூடைகளும் ஐஸ் பெட்டிகளும் வலைக் குவியல்களும் கால்களும் நெருக்கியடிக்க, ஏலக்காரரின் குரலும் மோட்டார் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று ஏற, ஏரிநீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும் அந்த இடத்தில், சராசரி மனிதனின் மூளை ஒரு கணத்தில் நூறு பொருள்களைப் பிரித்து அறிந்துவிடுகிறது. குறையுள்ள பிள்ளைக்கோ அத்தனையும் சேர்ந்து ஒரே கலங்கல். குவியலிலிருந்து இறாலைத் தனியே, நண்டைத் தனியே பொறுக்கி எடுக்கும் வேலை கரையோரக் குடும்பங்களில் பெண்களும் பிள்ளைகளும் கை போன போக்கில் செய்வது. நெருக்கத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காணும் சக்தியே இக்குறையில் அடிக்கடி பாதிக்கப்படுவது. காட்சியின் கீழ்ப்பாகம் மறைந்துபோகும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தரையில் கிடக்கும் கயிறும் நங்கூரமும் படகின் விளிம்பும் காலில் இடறிய பிறகுதான் தெரிய வரும்.

அதே பிள்ளையை உச்சி வெயில் சாய்ந்தபின் படகில் ஏற்றி, நாலாபுறமும் நீர் மட்டுமே இருக்கும் ஏரி நடுவுக்குக் கொண்டுபோனால், தூரத்தில் பூநாரைக் கூட்டம் எழும்பிப் பறப்பதைக் கண்டு கை நீட்டிக் காட்டக்கூடும். வெறுமையான பின்னணி, அசையும் பொருள், அமைதி ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுகூடி அவனுக்குத் துணை செய்கின்றன. விபரீதம் இங்கேதான் விளைகிறது: அத்தனை தூரத்துப் பறவையைக் கண்டவன் காலடியில் கிடக்கும் செருப்பைக் காணவில்லை என்றால், ‘நடிக்கிறான்’ என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. காலையில் தெரிந்தது மாலையில் தெரியாமற்போவதும், நன்றாகத் தூங்கி எழுந்தபின் தெரிந்தது களைத்தபின் தெரியாமற்போவதும், வீட்டில் செய்தது பள்ளியில் செய்ய முடியாமற்போவதும் இக்குறையின் இயல்பு. இதனை அறியாத ஆசிரியர் கையில் பிரம்பு இருந்துவிட்டால் பிள்ளையின் கதி என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இனி, நாம் பார்வையை எவ்வாறு அளக்கிறோம் என்று பார்ப்போம். டச்சுக்காரர்கள் 1613-இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி, தங்கள் கல்லறைகளையும் விட்டுச்சென்ற இதே பழவேற்காட்டுக்கு, அவர்கள் நாட்டு யுட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெலன் 1862-இல் வகுத்த எழுத்து அட்டை கண் முகாம்கள் மூலமாக வந்து சேர்ந்திருக்கிறது. வெள்ளைப் பலகையில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் அந்தக் கறுப்பு எழுத்துகள் கோடிக்கணக்கானவர்களுக்கு மூக்குக்கண்ணாடி தந்த பெரும் உபகாரி. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நெருக்கமில்லாத, அசையாத, ஒற்றை ஒற்றை எழுத்தை அமைதியான அறையில் படிப்பதை மட்டுமே அது அளக்கும். ஏலக் கரையில் அம்மாவைக் கண்டுபிடிக்க முடியுமா, தட்டில் சோற்றுக்கும் மீன் துண்டுக்கும் பேதம் தெரியுமா, படி இறங்க முடியுமா என்பதை அளக்க அது ஏற்பட்டதன்று. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-இன் பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாடுகளை 21 ஆக விரித்தது மகத்தான காரியம்தான். ஆயினும் அதன் அட்டவணை குறைபார்வையை நிர்ணயிக்கும் இடத்தில், நல்ல கண்ணில் கண்ணாடி அணிந்தும் 6/18-க்கு மேற்படாத கூர்மை, அல்லது 40 பாகைக்குக் குறைந்த பார்வைப் பரப்பு என்ற இரண்டு அளவுகோல்களையே நாட்டுகிறது. அட்டையில் 6/9 வரை படித்துவிடும் பிள்ளை, பக்கத்திலிருக்கும் தண்ணீர்க் குடத்தைக் காணாவிட்டாலும், அந்தக் கணக்கில் பார்வை உள்ளவனே. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு அந்த வகையில் சான்றிதழ் கிடைத்துவிடும். அத்தகைய பிள்ளைகளில் பலருக்குப் பார்வையிலும் சிக்கல் இருக்க, கை கால்களை அளந்தவர்கள் பார்வையை விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கற்பித்தால் மூளை கற்றுக்கொள்ளும் என்பதற்கு நம் நாட்டிலேயே பிரத்தியட்சமான சாட்சி உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய புராஜெக்ட் பிரகாஷ் என்ற முயற்சியில், பிறவிக் கண்புரையால் பல ஆண்டுகள் இருளிலிருந்த வட இந்தியப் பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வை தந்தார்கள். கட்டை அவிழ்த்ததும் அவர்கள் உலகத்தை நம்மைப் போலக் கண்டுவிடவில்லை. ஒரு பொருளின்மேல் நிழல் விழுந்தால் அதை இரண்டு பொருள்கள் என்றார்கள், ஒன்றையொன்று மறைத்து நிற்பவற்றைப் பிரிக்கத் தெரியாமல் தடுமாறினார்கள். பொருள் அசைந்தபோது மட்டும் எது எதைச் சேர்ந்தது என்று அவர்களுக்கு விளங்கிற்று. பின்னர் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து, அசையாதவற்றையும் பிரித்தறியப் பழகினார்கள். அவர்களுடைய குறை வேறு, நாம் பேசும் குறை வேறு என்றாலும், பார்ப்பது என்பது பழகிப் பெறுகிற வித்தை என்பதும், அதற்கு அசைவு ஒரு நல்வழி என்பதும் இரண்டுக்கும் பொது.

ஆகவே உதவி என்பது பெரும் பணம் பிடிக்கும் காரியமன்று. குடிக்கும் டம்ளருக்குச் சிவப்போ மஞ்சளோ ஏதாவது ஒரு பளிச்சென்ற நிறத்தில் நாடா சுற்றி, எப்போதும் அதே டம்ளரைக் கொடுப்பது; சோற்றை வெள்ளைத் தட்டில் போடாமல் கருநிறத் தட்டில் போடுவது; பூப்போட்ட பாய்க்குப் பதில் ஒரே நிறத்துத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் வைப்பது; படி விளிம்பில் மஞ்சள் வர்ணம் பூசுவது; எதிரே வந்து நிற்கும்போது, ‘நான் அத்தை வந்திருக்கேன்’ என்று பேரைச் சொல்லிவிட்டுப் பேசுவது; பார்க்கச் சொல்லும்போது வானொலியை நிறுத்திவிடுவது, ஏனெனில் கேட்பதும் பார்ப்பதும் ஒருங்கே அவர்களில் பலரால் இயலாது; பாடப் புத்தகத்தில் ஒரு வரி மட்டும் தெரியும்படி சாளரம் வெட்டிய அட்டையை மேலே வைத்துக் கொடுப்பது. கிளாஸ்கோவைச் சேர்ந்த கோர்டன் டட்டன் என்ற கண் மருத்துவர், இத்தகைய பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையே ஒரு பரிசோதனையாகத் தொகுத்தார். மூட்டையாகக் கிடக்கும் துணிகளிலிருந்து தன் சட்டையை எடுக்கிறானா, தரையில் கோடு மாறும் இடத்தில் தயங்கி நிற்கிறானா, கூட்டத்தில் சிடுசிடுக்கிறானா என்ற வகையைச் சேர்ந்தவை அவை. பழவேற்காட்டுக்கு ஏற்றபடி அவற்றை மாற்றிக் கேட்பதற்கு அந்த ஊர்ப் பெண்களைவிடத் தகுந்தவர்கள் யார்?

பார்வையோடு ஏனைய புலன்களின் விஷயமும் சேர்ந்தே வருகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கண்ணும் மூளையும் காட்சியைப் பிரித்துத் தந்தாலும், ஏலத்தின் கூச்சல், மீனின் ஈரம், மோட்டார் புகை ஆகியவை ஒவ்வொன்றும் நமக்கு இருப்பதைவிடப் பன்மடங்காய் வந்து தாக்கக்கூடும். காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையை அடக்கத் தெரியாத பிள்ளை என்கிறோம். ஆடி மாதத்துக் கூழ் வார்க்கும் விழாவில் ஒலிபெருக்கியை அத்தகைய பிள்ளை இருக்கும் வீட்டின் பக்கம் திருப்பாமல் வைப்பதும், அங்கன்வாடியில் ஒரு மூலையைத் திரை கட்டி அமைதியாக விடுவதும் ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு சொல்லில் செய்துவிடக்கூடியவை. பக்கவாதம் வந்த மீனவர் தட்டின் ஒரு பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு எழுவாரானால், அவருக்கும் பார்வைப் பரப்பின் ஒரு பக்கம் போயிருக்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சிறப்புத் தேவையுடையோருக்கென்று வண்ண விளக்கும் நீர்க்குமிழித் தூணும் மெத்தையுமாக அமைக்கும் புலனுணர்வு அறைகள் இப்போது பல ஸ்தாபனங்களில் தோன்றி வருகின்றன. அந்த எண்ணமும் 1970-களில் டச்சு நாட்டிலேயே, கடும் குறைபாடுடையோர் வாழ்ந்த இல்லங்களில் பிறந்தது. அவர்களுக்கு அமைதியும் இன்பமும் தருவது நல்ல நோக்கம், நான் மறுக்கவில்லை. ஆனால் திறப்பு விழாவுக்கு உகந்த அறை ஒன்று பட்டணத்தில் இருப்பதால், பஸ் செலவுக்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய குப்பத்துத் தாய்க்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறேன். வண்ணக் கண்ணாடி அணிந்தால் படிப்பு வரும், கண் பயிற்சி செய்தால் கற்றல் குறை தீரும் என்று சொல்லிப் பெருந்தொகை வாங்குவோரும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகமும் கண் மருத்துவர்களின் கழகமும் 2009-இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில், அவற்றுக்குப் போதிய விஞ்ஞானச் சான்று இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். படகை அடகு வைத்து அத்தகைய கண்ணாடி வாங்க வேண்டாம் என்று பெற்றோரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்குகிறது. முட்டுக்காடோ சென்னைக்குத் தெற்கே. இடையில் மாநகரம் முழுவதும் கிடக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி ஏற்பட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் மாவட்ட அளவில்தான் உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து பொன்னேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று, நடக்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை முறை போய்வர முடியும்? ஆனால் பழவேற்காடு அடங்கிய மீஞ்சூர் ஒன்றியம் உள்ளிட்ட எல்லா வட்டாரங்களிலும் வீடு தேடிச் செல்லும் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருப்பது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. உலக வங்கியின் உதவியோடு அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற பெயரில் சேவை மையங்களும் எழுந்து வருகின்றன. வீடு தேடிச் செல்லும் அந்த ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் மூளைசார் பார்வைக் குறையை இனம் காணச் சில நாட்கள் பயிற்சியும், ஒரு கறுப்புத் துணி, ஒரு டார்ச் விளக்கு, நிறம் நிறமான பந்துகள் சில, தமிழில் அச்சிட்ட கேள்வித்தாள் ஒன்று ஆகியவை அடங்கிய பையும் கொடுத்தால், பிள்ளையை அவனுடைய வீட்டிலேயே, அவனுடைய தட்டையும் டம்ளரையும் வைத்தே பரிசோதித்துவிடலாம். பிறந்தபோது அழாத பிள்ளை, குறைமாதப் பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை ஆகியோரின் பெயர்கள் கிராமச் செவிலியரின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. யாரைத் தேடிப் போவது என்ற கேள்விக்கே இடமில்லை. பள்ளிச் சிறுவர்களுக்குக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டத்திலும், அட்டையைப் படித்து முடித்த பிள்ளையிடம் இந்தக் கேள்விகளுள் நாலைந்தைக் கேட்கச் சொல்லலாம்.

சான்றிதழ் விஷயம் மாத்திரம் மாவட்டத்தில் தீராது. உரிமைச் சட்டத்தின் 99-ஆவது பிரிவு, மாநில அரசு சிபாரிசு செய்தால் மத்திய அரசு அறிவிக்கை ஒன்றின் மூலமே அட்டவணையைத் திருத்தலாம் என்கிறது. பாராளுமன்றத்தில் புதிய மசோதா கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை. மூளைசார் பார்வைக் குறைபாட்டைப் பெயர் குறித்து அந்த அட்டவணையில் சேர்க்கவும், அதனை எழுத்து அட்டையால் மட்டும் அளக்காமல் அன்றாட வாழ்வில் பார்வை பயன்படும் விதத்தைக் கொண்டு அளக்கவும், தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அத்தகைய சிபாரிசை எழுதி அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன், பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒரு பருவம் இந்தப் பரிசோதனையை நடத்தி, அங்கே கண்டதையும் அதோடு இணைத்து அனுப்புமானால் டில்லியில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.